வெட்டுக்கத்தியைக் கொண்டு வரச் சொன்ன பிசியோதெரபி நிலையம்

ரப்பர் பால் வெட்டுவது என் தொழில். வயது 53. கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் அருமனைப் பக்கம் வீடு. பதினேழு வயதில் அப்பா தந்த கத்தியைப் போன அக்டோபர் வரை நான் கீழே வைத்ததில்லை. சொந்தமாக ஐம்பது சென்ட் விளை (ரப்பர் தோட்டம்), அடுத்தவர்கள் இரண்டு பேருடைய விளை, எல்லாம் சேர்த்து 320 மரம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் எழுத வந்திருக்கிற பிசியோதெரபி நிலையத்தில் என் கைக்குச் செய்த வைத்தியம் முழுக்க இந்த 320 மரத்தைச் சுற்றித்தான் நடந்தது.

பனச்சமூடு சந்தையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. நடத்துவது ஒரு பெண். என் மகள் வயதுதான். நேரில், எங்கள் பக்கம் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவேன், எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். பெயரும் நம்பரும் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் மாமா, இப்பளே ஆளுகள ஒழுங்காப் பாக்க நேரம் பத்தல" என்றார். அதனால் போடவில்லை. சந்தையில் மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) விற்கிற யாரிடம் கேட்டாலும் வழி காட்டுவார்கள். போர்டு தமிழிலும் மலையாளத்திலும் இருக்கும். நாலடி நடந்தால் கேரளம். வருகிறவர்களில் பாதிப் பேர் வெள்ளறடைப் பக்கத்து ஆட்கள்.

கை ஒடிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐப்பசி மழை ராத்திரி முழுக்கப் பெய்து நாலரை மணிக்கு விட்டது. விடியும் முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் மரத்தில் நீர் குறையும், ஓட்டமும் குறையும். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். செம்மண் சரிவில் கால் வழுக்கியது, வலது கையை ஊன்றினேன். எழுந்து லைட் வெளிச்சத்தில் பார்த்தபோது மணிக்கட்டுக்கு மேலே கை அகப்பை மாதிரி வளைந்து நின்றது.

எங்கள் பக்கம் வர்ம ஆசான்மார் உண்டு, எலும்பு வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. அண்ணன் அங்கே போகலாம் என்றார். கை அப்படி வளைந்து நின்றதால் எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்கே போனோம். ரேடியஸ் எலும்பு ஒடிந்து பின்பக்கம் சாய்ந்திருந்தது. மயக்கம் கொடுத்து, இழுத்து நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம்.

எலும்பை நன்றாகவே சேர்த்துவைத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆறு வாரத்தில் விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், தோளைத் தூக்கி இறக்க வேண்டும், கையை நெஞ்சுக்கு மேலே வைத்திருக்க வேண்டும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆடாமல் வைத்தால் சீக்கிரம் கூடும் என்று நினைத்து, தூக்குத் தொட்டிலில் போட்ட பிள்ளை மாதிரி அந்தக் கையை நான் அசைக்கவே இல்லை. கட்டைப் பிரித்த நாளில் விரல்கள் அஞ்சும் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, மடங்க மாட்டேன் என்று நின்றன. தோளும் பாதிக்கு மேல் தூக்க முடியவில்லை. ஒடிந்தது மணிக்கட்டு, செத்துக் கிடந்தது முழுக் கை.

சீட்டில் ‘பிசியோதெரபி’ என்று ஒரு வார்த்தை எழுதித் தந்தார்கள். டவுனில் ஒரு இடத்துக்குப் போனேன். பத்து நாளைக்கு 4,000 ரூபாய், முன்பணம். கை எப்படி ஒடிந்தது என்றுகூடக் கேட்கவில்லை. தினமும் மெழுகு ஒத்தடம், அது ஆனதும் கரண்ட் பட்டையை ஒட்டி இருபது நிமிடம். மெஷினைப் போட்டுவிட்டுப் பையன் வெளியே போய்விடுவான். மெழுகு ஒத்தடம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சூட்டில் விரல் இளகும். இளகிய அந்தப் பத்து நிமிடத்துக்குள் விரலை மடக்கி நீட்டி வேலை வாங்க வேண்டும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே அதைச் செய்ய ஆளில்லை. பத்தாம் நாள் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கப் போனேன், விரல் கம்பியைச் சுற்றவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தியை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் கத்தியை எடுத்துத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்தாள்.

மனைவியின் தங்கை சந்தையில் மரச்சீனி விற்கிறவள். அவள்தான் ஜனவரி முதல் வாரம் இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள்.

முதல் நாள் உட்கார்ந்ததும் கையை நீட்டினேன். அவர் தொடவில்லை. "கைய நான் பெறகு பாக்கேன் மாமா. முதல்ல வேலையச் சொல்லுங்க" என்றார். முக்கால் மணிக்கூர் கேள்விதான். எத்தனை மரம், எத்தனை மணிக்கு இறங்குவேன், சரிவா சமமா, பால் எடுக்கிற பக்கெட் எத்தனை லிட்டர், எந்தத் தோளில், ஷீட் அடிக்கிற மெஷினை யார் சுற்றுவது, சோறு பிசைய முடிகிறதா, வேட்டி யார் கட்டிவிடுகிறார்கள், பாங்கில் கையெழுத்து எப்படிப் போடுகிறேன். வேட்டியைப் பற்றிக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மூன்று மாதமாக மனைவிதான் கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள், அதை யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு அளந்தார். இரண்டு அளவுகோலை ஒரு திருகாணியில் சேர்த்தது மாதிரி ஒரு சாமான், மூட்டில் வைத்து டிகிரி பார்ப்பது. மணிக்கட்டு மேல்நோக்கி 15 டிகிரி, கீழ்நோக்கி 20, உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பினால் 30. விரலை மடக்கினால் நுனி உள்ளங்கையைத் தொட இன்னும் மூன்று சென்டிமீட்டர் இருந்தது. பிடியின் பலத்தை அளக்கிற கருவியில் இடது கை 38 கிலோ, வலது கை 6. எனக்கு டிகிரி புதிதல்ல. மரத்தில் வெட்டுக்கோடு போடுவதே டிகிரிக் கணக்குத்தானே. ஒட்டுமரத்துக்கு 30 டிகிரி சரிவு, இடது மேலிருந்து வலது கீழாக. பால் ஓடுகிற குழாய்கள் பட்டைக்குள் கொஞ்சம் சாய்ந்து ஏறுவதால் அப்படிச் சரித்து வெட்டினால்தான் கூடுதல் குழாய் அறுபடும். இதை அவரிடம் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார். என் வாழ்நாளில் நான் சொன்னதை வைத்தியம் பார்க்கிற ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

எழுந்து கிளம்பும்போது, "நாளைக்கு வரும்ப மாமாக்க வெட்டுக்கத்தியையும் கொண்டு வாங்க" என்றார்.

மறுநாள் கத்தியை மேஜைமேல் வைத்துப் பிடிக்கச் சொன்னார். வலது கை கைப்பிடியில், இடது கை முன்னால் தாங்கும். பிடிக்க முடியவில்லை. ஆனாலும் பிடிக்க முயன்றபோது எந்த விரல் நிற்கிறது, எந்த விரல் வழுக்குகிறது, கட்டைவிரல் எங்கே அழுத்துகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மோதிர விரலும் சுண்டு விரலும்தான் கத்தியைப் பூட்டுகிறவை, அவை இரண்டும்தான் ரொம்ப மடங்காமல் இருக்கின்றன, அங்கேயிருந்து தொடங்கலாம் என்றார். முப்பத்தாறு வருடம் வெட்டியும் எனக்கு அது தெரியாது. சாப்பாட்டுக்கும் கதவு திறக்கவும் மணிக்கட்டு பாதி மடங்கினால் போதும், பால் வெட்டுக்கு அது போதாது, மரத்தின் வளைவோடு கையும் திரும்ப வேண்டும், அதனால் உங்களுக்கு இலக்கே வேறு என்று விளக்கினார்.

இன்னொரு கணக்கும் போட்டார். பிப்ரவரியில் இலை கொழியும், வெட்டு நிற்கும். தளிர் வந்து முற்றி மறுபடி வெட்டத் தொடங்க ஏப்ரல் ஆகும். "மரத்துக்கும் ஓய்வு, மாமாக்கும் ஓய்வு. வெட்டுத் தொடங்குற அன்னைக்குக் கையும் ரெடியா இருக்கணும், அந்தக் கணக்குலயே போவோம்" என்றார். என் ஊர்ப் பருவத்தைப் பார்த்து எனக்கு நாள் குறித்துத் தந்தவர் அவர்.

பயிற்சிகளை ஒவ்வொன்றாக எழுதினால் படிக்கிறவர்கள் அப்படியே செய்யத் தொடங்கிவிடுவீர்கள்; ஒருவர் கைக்குச் சொன்னதை அடுத்தவர் செய்யக் கூடாது. இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் வீக்கத்தை இறக்குவதுதான். கையை உயர்த்தி வைத்து, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுப் பக்கமாகத் தடவிக் கொடுத்து, வெந்நீரில் வைத்து எடுத்த உடனே விரல் வேலை. விரலைத் தட்டு மாதிரி நீட்ட வேண்டும், பிறகு கொக்கி மாதிரி நுனியை மட்டும் மடக்க வேண்டும், பிறகு முழு முஷ்டி. விரலை மடக்குகிற தசைநார்க் கயிறுகள் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனியாக வழுக்கி ஓட வேண்டும் என்பதற்காக அது. ஒரு நேரத்துக்குப் பத்து, ஒரு நாளைக்கு ஆறு நேரம். என் மனைவி சுவரில் கரியால் கோடு போட்டு எண்ணினாள்.

வலி விஷயத்திலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், ஒரு மணிக்கூருக்குள் அது அடங்க வேண்டும். மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் அன்றைக்குப் பாதிதான் செய்ய வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைத் தாங்குவதுதான் வைத்தியம் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் அப்படி அதிகமாகச் செய்துவிட்டுப் போனபோது, திட்டாமல், இரண்டு நாள் பின்னால் போனோம் மாமா என்று மட்டும் சொன்னார்.

பிடிக்குப் பலம் கூட்டக் கடையில் ஒரு ரப்பர் உருண்டை வாங்கச் சொல்வார் என்று நினைத்தேன். "மாமா வீட்டுல ஒட்டுப்பால் கெடக்குமே" என்றார். வெட்டுச் சாலில் காய்ந்து நிற்கிற நாடாவைத்தான் நாங்கள் ஒட்டுப்பால் என்போம். மறுநாள் வெட்டுவதற்கு முன் அதை இரண்டு விரலால் பிடித்து உரித்து எடுப்போம். சின்ன வயதில் அதைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து ஆடாத பிள்ளை எங்கள் பக்கத்தில் கிடையாது. மூன்று உருண்டை செய்யச் சொன்னார். ஒன்று இளகச் சுற்றியது, ஒன்று நடுத்தரம், ஒன்று இறுக்கிச் சுற்றியது. ஒட்டுப்பாலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இழுத்துச் சுற்றுவதே ஒரு பயிற்சி என்பது சுற்றி முடித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. முதல் உருண்டையை அமுக்க ஜனவரி முழுவதும் ஆனது. இறுக்கிச் சுற்றியது இப்போதும் என் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஜனவரிக் கடைசியில் ஒரு காரியம் நடந்தது. ராத்திரியில் கட்டைவிரல், அடுத்த இரண்டு விரல் மரத்துப்போய் முழிப்பு வந்தது. உதறினால் சரியாகும். வீக்கம் இறங்குவதால் இருக்கும் என்று நானே முடிவு செய்து சொல்லாமல் இருந்தேன். பேச்சுவாக்கில் மனைவி சொல்லிவிட்டாள். உடனே பயிற்சியை நிறுத்தி, எந்த விரல், எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று கேட்டு, மணிக்கட்டில் தட்டிப் பார்த்து, எலும்பு டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் தந்தார். மணிக்கட்டு வழியாகப் போகிற நரம்பு நெருக்கப்படுகிறது, இந்த மாதிரி ஒடிவுக்குப் பிறகு இது வருவதுண்டு, இதை டாக்டர் பார்த்துச் சொல்லாமல் நான் தொட மாட்டேன் என்றார். டாக்டர் ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கிற பட்டை ஒன்று தந்தார். மூன்று வாரத்தில் மரமரப்பு போனது. தனக்குத் தெரிந்தது எதுவரை, டாக்டருடையது எங்கே தொடங்குகிறது என்று வகுத்து வைத்திருக்கிறவர் கையில் நம் கையைக் கொடுக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. கத்தி பிடிக்கவும் பாரம் தூக்கவும் சொல்வதற்கு முன்னால் புது எக்ஸ்ரே கேட்டு வாங்கி, எலும்பு கூடிவிட்டதா என்று பார்த்த பிறகே சொன்னார்.

பிப்ரவரி நடுவில் வாழைக்கு வந்தோம். குலை வெட்டிய வாழைத்தடி ஒன்றை நட்டமாகக் கட்டி, அதில் வெட்டுக்கோடு போட்டு, கத்தியை இழுக்கச் சொன்னார். மாவில் கத்தி போவது மாதிரி போகும், கைக்குப் பாரமே இல்லை. ஆனால் இழுப்பும் திருப்பும் அசல் மரத்தில் உள்ளதுதான். வீட்டில் ஒரு நாளைக்கு இருபது இழுப்பு. அது சரியானதும் முறித்துப் போட்ட ரப்பர் தடி, பட்டை காய்வதற்குள். அதன் பிறகு கடும்வெட்டு நடக்கிற கிழட்டு மரம் இரண்டு. முறிக்கப் போகிற மரத்தில் காயம் பட்டால் நஷ்டமில்லை.

இது ஏன் இவ்வளவு படிப்படியாக என்றால், நல்ல மரத்தில் கை நடுங்கினால் மரம் கெட்டுப்போகும். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைதான் எடுக்கலாம். ஆழத்தில், மரத்தை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் கத்தி பட்டால் காயம், புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வரும், பிறகு அந்த இடத்தில் நேராக வெட்டவே முடியாது. ஒரு மில்லிமீட்டருக்குள் கத்தியை நிறுத்துகிற கை எனக்கு வேண்டும். வெறுமனே பலம் வந்தால் போதாது. மெஷின் வைத்த இடத்தில் யாருக்கும் இது தெரிய நியாயமில்லை, ஏனென்றால் அவர்கள் கேட்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் காலை ஆறு மணிக்கு அவர் தம்பியின் பைக்கில் எங்கள் விளைக்கே வந்தார். வருவேன் என்று சொன்னபோது நான் நம்பவில்லை. ஐந்து மரம் வெட்டச் சொல்லி, பின்னால் நின்று போனில் படம் பிடித்தார். பிறகு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காட்டினார். மணிக்கட்டு திரும்ப வேண்டிய இடத்தில் நான் முழங்கையைத் தூக்கித் தோளால் சமாளித்துக்கொண்டிருந்தேன். எனக்கே தெரியாது. மரம் வெட்டுப்பட்டது, பாலும் ஓடியது. இப்படியே 320 மரம் போயிருந்தால் அடுத்துத் தோள் போயிருக்கும்.

அப்போது மரங்களைப் பார்த்து ஒன்று சொன்னார். புதிதாக வெட்டத் தொடங்கிய மரத்தில் வெட்டு 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கும், நெஞ்சளவு. வருடங்கள் போகப் போக வெட்டு கீழே இறங்கி முட்டுக்கு வந்துவிடும். நெஞ்சளவு மரத்தில் மணிக்கட்டு கிட்டத்தட்ட நேராக நிற்கும், முட்டளவு மரத்தில் குனிந்து கையை முறுக்க வேண்டும். "முதல்ல ஒசந்த மரம், தாழ்ந்தது எல்லாத்துக்கும் கடைசி" என்று சொல்லி, விளையில் நடந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்து, சுண்ணாம்பால் அடையாளம் போட்டோம். முதல் வாரம் 30 மரம், அடுத்தது 60, பிறகு 100. ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டு என்பது மரத்துக்காக வைத்தது, அது என் கைக்கும் சரியாக அமைந்தது. நடுவில் ஒரு நாள் ஓய்வு தானாகக் கிடைத்தது. அன்றைக்கு அவர் வந்ததற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. ஒரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்.

எனக்கு மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். அங்கே ஒரு பலகை இருக்கிறது. ஒவ்வொருவருடைய ஆசையும் அவரவர் சொன்ன வார்த்தையில் எழுதியிருக்கும், பெயர் இருக்காது. ‘பள்ளி மைதானத்தில் ஓட வேண்டும்.’ ‘குழந்தையைத் தூக்க வேண்டும்.’ மலையாளத்தில் ஒரு வரி இருந்தது, படித்துச் சொல்லச் சொன்னேன்: தேங்காய் துருவ வேண்டும்.

அது வெள்ளறடையிலிருந்து வந்த ஒரு அம்மச்சி. பக்கவாதம், இடது பக்கம். மகன் நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றுவார். அந்த அம்மச்சிக்குக் கையைத் தூக்கு, இறக்கு என்று சொன்னால் செய்யப் பிடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் நான் இருக்கும்போது சிரவையை, அதாவது மேலே உட்கார்ந்து தேங்காய் துருவுகிற பலகையை, கொண்டு வந்து வைத்தார்கள். முதலில் அதில் உட்காரவே இரண்டு வாரம். உட்கார இடுப்பும் முட்டும் வேண்டும், உட்கார்ந்த இடத்தில் சாயாமல் இருக்க இடது கால் ஊன்ற வேண்டும். பிறகு காலிச் சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துச் சிரவை நாக்கில் வைத்துத் திருப்புவது. இடது கை விரலை அவரே ஒவ்வொன்றாக எடுத்துச் சிரட்டையில் வைப்பார், அம்மச்சி மறுபடி மறுபடி நழுவவிடுவார், மறுபடி எடுத்து வைப்பார். மூளையில் கெட்டுப்போன இடம் திரும்பாது, பக்கத்து இடங்கள் அந்த வேலையைப் படித்துக்கொள்ளும், படிக்க வேண்டுமானால் அதே வேலையை நூற்றுக்கணக்கான தடவை செய்ய வேண்டும், தெரிந்த வேலை என்றால் மனசு அதில் நிற்கும் என்று மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாகத் திரும்பும், அதற்காக மூன்று மாதம் கழிந்தால் நிறுத்திவிடக் கூடாது என்றும் சொன்னார். அம்மச்சி அரைமூடித் தேங்காய் துருவிய அன்றைக்கு நான் இல்லை. மறுநாள் போனபோது அங்கே இருந்த எல்லோருக்கும் மரச்சீனியும் தேங்காய்த் துவையலும் வந்திருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய குறை மாடி. பக்கவாதம், இடுப்பு, முட்டு என்று வருகிறவர்களுக்கு இருபத்திரண்டு படி என்பது அநியாயம். லிஃப்ட் கிடையாது. கீழே இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள், வாடகை ஒத்துவரவில்லையாம். முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போகிறார், ஆனால் வாரத்தில் இரண்டு நாள்தான், அதுவும் பக்கத்து ஊர்களுக்கு மட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனால் ஒரு மணிக்கூர் உட்கார வேண்டிவரும். காலை பத்து மணி நல்லது. போன் எடுக்க ஆளில்லை, ஆளோடு இருக்கும்போது அவர் போனைத் தொடுவதில்லை. சந்தை நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை லீவு.

ஒரு தடவைக்கு 300 ரூபாய். முன்பணம் வாங்குவதில்லை, இத்தனை நாள் வர வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. ஜனவரியிலிருந்து மே வரை நான் 22 தடவை போயிருக்கிறேன், 6,600 ரூபாய். முதலில் வாரம் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. மிச்சமெல்லாம் வீட்டில் நானே செய்தது. நான் வெட்டாத மாதங்களில் மச்சினன் மகன் பாதிப் பங்குக்கு வெட்டினான். அந்த நஷ்டத்தைப் பார்த்தால் இது பெரிய தொகை இல்லை. சுவரில் அவருடைய பட்டம் மாட்டியிருக்கிறது. பயிற்சியோடு சேர்த்து நான்கரை வருடம் படித்தது. எந்த இடத்துக்குப் போனாலும் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெஷின் வாங்கி வைத்தவர்கள் எல்லோரும் படித்தவர்கள் அல்ல.

பணம் இல்லாதவர்கள் சும்மா இருந்துவிட வேண்டாம். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருகிறார். என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித்தான் நடக்கப் பழக்கினார்கள், ஒரு பைசா செலவில்லை. ஊர்ச் சுகாதார நிலையத்தில் கேட்டால் பெயர் எழுதிக்கொள்வார்கள். இதை எனக்குச் சொன்னதும் இந்த நிலையத்துப் பெண்தான். தனக்கு வருகிற ஆள் குறையுமே என்று அவர் நினைக்கவில்லை.

என் கை இப்போது: மேல்நோக்கி 55 டிகிரி, கீழ்நோக்கி 60, உள்ளங்கையைத் திருப்பினால் 75. விரல் நுனி உள்ளங்கையைத் தொடுகிறது. பிடி 29 கிலோ. இடது கையளவு வரவில்லை, இன்னும் ஆறு மாதம் வரை கூடிக்கொண்டு போகும் என்கிறார். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் ஒரு குத்தல் இருக்கிறது. 210 மரம் வெட்டுகிறேன். மிச்சம் 110 தாழ்ந்த பட்டை, அவற்றை மச்சினன் மகன் வெட்டுகிறான். சுண்ணாம்பு அடையாளம் இன்னும் அழியவில்லை. பக்கெட்டை இடது தோளிலேயே தூக்குகிறேன்.

வேட்டியை நானே கட்டிக்கொள்கிறேன். முதல் நாள் கட்டியபோது மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரிக்கு மேலே இருந்த கத்தித் துணியை எடுத்துத் துவைக்கக் கொண்டு போனாள். கத்தி அப்போது என் இடுப்பில் இருந்தது.